தொட்டிலைச் சுற்றி ஒரு வழக்கு

சபையும் சண்டையும் – அத்தியாயம் 17

சென்ற இதழில் ரோமாபுரியைக் கோத்தியர் தலைவன் அலாரிக்கின் படைகளிடம் விட்டுவிட்டு வந்தோம். கி.பி. 410, ஆகஸ்ட் 24 அன்று உள்ளே நுழைந்தவர்கள் மூன்று நாள் கொள்ளையடித்தார்கள். வசதியுள்ள குடும்பங்கள் சிசிலிக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் கப்பலேறின. அந்தச் சீமான் வீட்டுக் கூட்டத்தோடு, அவர்களுக்கு ஞான ஆலோசகராக இருந்த ஒரு பெருத்த உடம்புக்காரரும் வந்து இறங்கினார். பெயர் பெலாஜியுஸ். பிரிட்டன் தீவில் பிறந்தவர்; துறவிபோல வாழ்ந்தவர்; ஆனால் குருப்பட்டம் பெறாதவர். அவரைப் பிடிக்காத வேத அறிஞர் ஜெரோம், அயர்லாந்துக் கஞ்சியைக் குடித்துக் கொழுத்தவன் என்று திட்டி எழுதினார். ஜெரோமின் பேனாவுக்கு அகப்பட்டவர்கள் யாரும் சேதமில்லாமல் திரும்பியதில்லை.

பெலாஜியுஸை விசுவாச விரோதி என்ற பெயரோடுதான் வரலாறு நமக்கு அறிமுகம் செய்கிறது. அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு அவர் வாழ்ந்த ரோமைப் பாருங்கள். 380-இல் கிறிஸ்தவம் பேரரசின் மதமாகிவிட்டது. நேற்றுவரை பழைய கோயில்களில் பலியிட்ட பிரபுக்கள் இன்று ஆலயத்தில் முன்வரிசையில் நிற்கிறார்கள். வாழ்க்கை மட்டும் மாறவில்லை. அடிமையை அடிப்பது, ஏழையின் நிலத்தைப் பிடுங்குவது, சூது, கூத்து எல்லாம் அப்படியே. கேட்டால், மனித சுபாவம் பலவீனமானது, நாங்கள் என்ன செய்வோம் என்று கை விரிப்பார்கள். இந்தச் சாக்குப்போக்கைத்தான் பெலாஜியுஸ் வெறுத்தார். செய்ய முடியாத ஒன்றைக் கடவுள் கட்டளையாகக் கொடுப்பாரா? முடியும் என்ற ஆற்றலைத் தந்தவர் அவர். விரும்புவதும் செய்து முடிப்பதும் உன் பொறுப்பு. இதுதான் அவர் போதனையின் சாரம். கறாரான வாத்தியார் ஒருவருடைய மதம் அது.

அந்த வாத்தியாரின் காதில் ஒரு நாள், ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீனின் ‘ஒப்புதல்கள்’ நூலிலிருந்து ஒரு ஜெபம் விழுந்தது. நீர் எதைக் கட்டளையிட்டாலும் சரி, அதைச் செய்யும் திராணியையும் நீரே தந்துவிடும் என்ற பொருளில் கடவுளிடம் வேண்டும் ஜெபம். ஒரு ஆயர் அதை ரோமில் மேற்கோள் காட்டியபோது பெலாஜியுஸுக்குப் பொறுக்கவில்லை. கிட்டத்தட்டக் கைகலப்பு அளவுக்குப் போனார் என்று அகுஸ்தீனே பிற்காலத்தில் எழுதுகிறார். எல்லாவற்றையும் கடவுளே செய்ய வேண்டுமானால் மனுஷன் எதற்கு?

இதுவரை இது ஒழுக்கத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு. கார்த்தேஜ் நகரத்தில்தான் இது வழக்காயிற்று. பெலாஜியுஸ் அதிகநாள் ஆப்பிரிக்காவில் தங்காமல் பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டார். அவருடைய சீடர் செலஸ்தியுஸ் தங்கினார். சட்டம் படித்தவர், வாயடக்கம் இல்லாதவர். கார்த்தேஜில் குருப்பட்டம் கேட்டு விண்ணப்பித்தார். 411–412 வாக்கில், மிலான் நகரத்துத் திருத்தொண்டர் பவுலினுஸ் அவர்மேல் குற்றப்பத்திரிகை வாசித்தார். ஆதாம் பாவம் செய்யாமல் இருந்திருந்தாலும் செத்துத்தான் போயிருப்பான். ஆதாமின் பாவம் ஆதாமையே கெடுத்தது, மனித குலத்தை அல்ல. பிறந்த குழந்தை, பாவத்துக்கு முன்பு ஆதாம் இருந்த நிலையிலேயே இருக்கிறது. இப்படியெல்லாம் இவர் போதிக்கிறார் என்பது குற்றச்சாட்டு.

செலஸ்தியுஸின் பதில் வக்கீல் பதில். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். பாவம் பரம்பரையாக வருகிறதா என்பது திறந்த கேள்வி; சபைக்குள்ளேயே இரண்டு கருத்தும் உண்டு; இதில் விசுவாசத் துரோகம் எங்கே வந்தது என்று கேட்டார். கார்த்தேஜ் ஆயர் அவுரேலியுஸ் அதை ஏற்கவில்லை. செலஸ்தியுஸ் விலக்கப்பட்டார், எபேசுக்குப் போய் அங்கே குருப்பட்டம் வாங்கிக்கொண்டார்.

இந்தச் சிறிய விசாரணையில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் எண்ணம். மனச் சுதந்திரம், தெய்வ அருள், முன்குறிப்பு என்று பெரிய பெரிய சொற்களில் இந்தச் சண்டையை விவரிப்பார்கள். அதைத் தீர்த்துவைத்ததோ பேச்சு வராத பச்சைக் குழந்தை. ஆப்பிரிக்கத் திருச்சபை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவந்தது. 253 வாக்கிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் அவரோடு 66 ஆயர்களும், எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்று தீர்மானித்து, குழந்தைக்கு மன்னிக்கப்படுவது சொந்தப் பாவமல்ல, இன்னொருவருடையது என்று எழுதிவைத்தார்கள். ஞானஸ்நானம் பாவ மன்னிப்புக்காக என்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறது. நேற்றுப் பிறந்தது என்ன பாவம் செய்தது? ஒன்றுமில்லை. அப்படியானால் மன்னிப்பு எதற்கு? அகுஸ்தீன் இந்த இடத்தைப் பிடித்தார். பிடித்ததை விடவே இல்லை. சடங்கு முதலில் இருந்தது. சடங்குக்குக் காரணம் தேடியபோது கோட்பாடு பிறந்தது. பிறப்போடு வந்த பாவம், ஆதாமிலிருந்து சந்ததி வழியாக இறங்கிய பாவம். நம்மூர் பழைய ஞானோபதேசப் பாஷையில் ஜென்மப் பாவம்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனம் லத்தீனில் இருந்த விதம் அவருக்குக் கைகொடுத்தது. கிரேக்கத்தில் அதைப் படித்தவர்கள் அந்த முடிவுக்கு வரவில்லை. கீழைத் திருச்சபைகள் இன்றுவரை ஆதாமிடமிருந்து சாவையும் சீர்கேட்டையும் வாங்கியதாகச் சொல்லும். குற்றத்தை வாங்கியதாகச் சொல்லாது.

இந்த அகுஸ்தீனுக்கு அவருடைய தாய் மோனிக்கா குழந்தையில் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் பலரும் தள்ளிப்போட்டதுபோல அவரும் தள்ளிப்போட்டார். 387-இல் மிலானில், மகன் அதேயோதாத்துஸோடு சேர்ந்து அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அந்த மகன் சில ஆண்டுகளில் இறந்துபோனான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான் பின்னாளில் ஞானஸ்நானம் பெறாமல் சாகும் குழந்தைக்கு மோட்சம் இல்லை என்று எழுதினார். தண்டனைகளிலேயே மிக லேசான தண்டனைதான் அதற்கு என்று சேர்த்துக்கொண்டார். லேசானதோ கனமானதோ, தண்டனை தண்டனைதான்.

இது அவரை உறுத்தாமல் இல்லை. 415-இல் ஜெரோமுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். குழந்தைகளின் ஆத்துமா எங்கிருந்து வருகிறது? புதிதாகக் கடவுள் படைக்கிறாரென்றால், படைத்த கையோடு அதற்கு ஏன் தண்டனை? குழந்தைகள் படும் வேதனையை நினைக்கும்போது எனக்கு வழி தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று மன்றாடுகிறார். ஜெரோம் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் தெரிகிற அகுஸ்தீனைத்தான் எனக்குப் பிடிக்கும். அவரைப் பின்பற்றியவர்கள் அவருடைய தீர்ப்பை எடுத்துக்கொண்டார்கள்; தூக்கமின்மையை எடுத்துக்கொள்ளவில்லை.

கடிதத்தைக் கொண்டுபோனவர் ஸ்பெயின் நாட்டு இளம் குரு ஒரோசியுஸ். போன இடமான பாலஸ்தீனத்தில் பெலாஜியுஸ்மேல் குற்றம் சாட்டும் வேலையையும் செய்தார். 415 ஜூலையில் எருசலேமில் விசாரணை. ஒரோசியுஸுக்குக் கிரேக்கம் தெரியாது. எருசலேம் ஆயர் யோவானுக்கு லத்தீன் தெரியாது. துபாஷி சொன்னது இருவருக்கும் திருப்தியில்லை. டிசம்பரில் தியோஸ்போலிஸ் நகரத்தில் 14 ஆயர்கள் கூடி, நேரில் நின்று கிரேக்கத்திலேயே பதில் சொன்ன பெலாஜியுஸை நிரபராதி என்றார்கள். செலஸ்தியுஸின் வாசகங்களைத் தன்னுடையவை அல்ல என்று சொல்லி அவர் தப்பித்தார். சீடனைக் கைவிட்ட அந்தப் பதில் அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை.

பிறகு நடந்தது சமயச் சண்டை பாதி, அரசியல் பாதி. 416-இல் ஆப்பிரிக்க ஆயர்கள் கார்த்தேஜிலும் மிலேவிஸிலும் கூடி ரோமுக்கு எழுதினார்கள். திருத்தந்தை முதலாம் இன்னொசெண்ட் 417 ஜனவரியில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார், மார்ச்சில் இறந்துபோனார். அடுத்து வந்த சோசிமுஸ் கிரேக்கர். செலஸ்தியுஸை நேரில் அழைத்து விசாரித்தார், பெலாஜியுஸின் விசுவாச அறிக்கையைப் படித்தார், இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று ஆப்பிரிக்கர்களைக் கடிந்துகொண்டார். ஆப்பிரிக்கர்கள் வேறு கதவைத் தட்டினார்கள். 418 ஏப்ரல் 30 அன்று பேரரசர் ஹொனோரியுஸ் ராவென்னாவிலிருந்து ஆணை பிறப்பித்தார்: இந்த இருவரும் ரோமை விட்டு வெளியேற வேண்டும். மறுநாள், மே 1, கார்த்தேஜில் 200-க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடி ஜென்மப் பாவத்தை மறுப்பவர்களைச் சபித்தார்கள். கோடையில் சோசிமுஸும் கண்டன மடலை எழுதி எல்லா ஆயர்களும் கையெழுத்திட வேண்டும் என்று அனுப்பினார். அரசாணைக்கு இதில் எவ்வளவு பங்கு என்று சரித்திரக்காரர்கள் பேசுவார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிற எவருக்கும் ஊகிப்பது கஷ்டமில்லை. அகுஸ்தீனின் நண்பர் அலிபியுஸ் அரசவை அதிகாரிகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து 80 குதிரைகளை லஞ்சமாகக் கொண்டுபோனார் என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது. எதிரியின் சாட்சியம், அந்த அளவுக்கே நம்பலாம்.

அந்த எதிரி எக்லானும் ஆயர் யூலியான். இத்தாலியில் கையெழுத்திட மறுத்த 18 ஆயர்களுக்குத் தலைவர். அகுஸ்தீனைவிட ஒரு தலைமுறை இளையவர், பெலாஜியுஸைவிடக் கூர்மையானவர். அவர் கேட்டதெல்லாம் இன்றைக்கும் கேட்கிற கேள்விகள். பிறந்த குழந்தையை, அதைப் படைத்த கடவுளே குற்றவாளியாக்கினால் அவர் நீதிபதியா? பாவம் இனவிருத்தி வழியாக வருகிறதென்றால் கல்யாணமும் தாம்பத்தியமும் பிசாசின் வேலையா? மனிகேயர்களோடு ஒன்பது வருஷம் கிடந்தவர் நீர். உடம்பே அழுக்கு என்ற அந்தப் பழைய புத்தி இன்னும் உம்மை விடவில்லை என்று குத்தினார். அகுஸ்தீன் பதிலுக்குப் பதில் எழுதினார். 430 ஆகஸ்ட் 28 அன்று, வாந்தலர்கள் ஹிப்போ நகரத்தை முற்றுகையிட்டிருக்கும்போது அவர் இறந்தார். யூலியானுக்கு எழுதிக்கொண்டிருந்த மறுப்பு முடியாமலே நின்றது. அடுத்த ஆண்டு எபேசு சங்கம் செலஸ்தியுஸைக் கண்டித்தது. பெலாஜியுஸ் அதற்கு முன்பே வரலாற்றின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்.

யூலியானை ஒரு விஷயத்துக்காக நாம் கவனிக்க வேண்டும். துரத்தப்பட்டபோது அவர் கிழக்கே போய் மொப்சுவெஸ்தியா ஆயர் தெயோதோரிடம் அடைக்கலம் புகுந்தார். மனிதன் பாவம் செய்வது சித்தத்தினாலா, சுபாவத்தினாலா என்ற கேள்வியில் சித்தத்தின் பக்கம் நின்று நூல் எழுதியவர் தெயோதோர். அவரைக் கிழக்கு சிரியத் திருச்சபை தன் தலையாய வேத வியாக்கியானியாகக் கொண்டாடியது. அந்தத் திருச்சபையோடு மலபார் தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டு உறவு வைத்திருந்தார்கள். 1599 ஜூனில் கோவா பேராயர் அலெக்சோ தெ மெனேசஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, தெயோதோர், நெஸ்தோரியுஸ் முதலியோரின் பெயரையும் நூல்களையும் விலக்கச் சொன்னார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தாமதிக்கக்கூடாது என்று கண்டிப்பாக விதித்தார். ஆக, இந்தியக் கரையில் முதலில் வேரூன்றிய கிறிஸ்தவம் அகுஸ்தீனுடைய வாரிசு அல்ல. அவர் பின்னாலேதான் வந்தார், போர்த்துக்கீசியக் கப்பலில்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வேறொரு சண்டை ஞாபகம் வந்திருக்கும். வைணவத்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் நடந்தது: தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா ஜீவன், தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும் பூனைக் குட்டியா? அகுஸ்தீன் பூனைப் பக்கம், பெலாஜியுஸ் குரங்குப் பக்கம் என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். பாதிதான் சரி. குரங்குக் குட்டியைச் சுமப்பதும் தாய்தான். குட்டி பற்றிக்கொள்ள மட்டும் செய்கிறது. பெலாஜியுஸின் குட்டி யாரையும் பற்றாது, தாய் காட்டிய வழியில் தன் காலால் நடக்கும். குரங்கு நியாயத்துக்கு உண்மையான சொந்தக்காரர்கள், அகுஸ்தீனின் கடைசிக் காலத்தில் தெற்கு பிரான்சில் இருந்த காசியான் முதலிய துறவிகள். முதல் அடியை மனிதன் எடுத்துவைக்கலாம், அருள் வந்து தாங்கும் என்றார்கள். 529 ஜூலையில் ஆர்ல் நகரத்து செசாரியுஸ் தலைமையில் ஒரஞ்சு நகரில் கூடிய சங்கம் அந்த முதல் அடியும் அருளின் வேலைதான் என்று முடிவுகட்டியது. அதே மூச்சில், யாரையும் தீமைக்கென்று கடவுள் முன்குறிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டது. அகுஸ்தீனை முழுதாக விழுங்க அந்தச் சங்கத்தாலும் முடியவில்லை.

ஆனால் ஜென்மப் பாவத்துக்கு நம் பக்கம் சரியான இணை கிடையாது. சைவ சித்தாந்தத்தின் ஆணவ மலம் ஆதியில்லாதது, பிறக்கும்போதே உயிரோடு இருப்பது. அந்த மட்டில் நெருங்கி வருகிறது. என்றாலும் அது தகப்பன் கொடுத்ததல்ல. அதற்காக யாரும் குற்றவாளியும் அல்ல. வினைக்கொள்கையோ நேர் எதிர்த்திசை. குழந்தை நோயோடு பிறந்தால், முற்பிறவியில் அதுவே செய்த வினை என்று சொல்லும். கொடூரமான விடைதான்; ஆனால் செய்தவன் தலையிலேயே கணக்கை வைக்கிறது. இதை எதிர்கொள்ளாமல் தமிழில் கிறிஸ்தவம் பேச முடியாது என்று 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதாவது ராபர்ட் தெ நோபிலி, உணர்ந்திருந்தார். மறுபிறப்பை மறுக்க ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று தனி நூலே எழுதினார். நம்மவருக்குக் கிடைத்த தேர்வு விசித்திரமானது: குழந்தையின் துன்பத்துக்குக் காரணம் அதன் பழைய பிறவியா, அல்லது முன்பின் பார்த்திராத ஒரு மூதாதையா? காரணமே கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொள் என்று மூன்றாவதாக ஒருவர் சொல்லியிருந்தால் நான் அவர் கட்சி.

இனி புனேயின் கோர்படிக்கு வருவோம். மீரஜ் பாதையும் சோலாப்பூர் பாதையும் பிரிகிற இந்த ரயில்வே, ராணுவக் குடியிருப்பில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஐந்தாம் நூற்றாண்டு ஆப்பிரிக்க வழக்கோடு என்ன உறவு? பிரிட்டிஷ் ராணுவம் கொண்டுவந்த உறவு. 1817-இல் கட்கிப் போரில் பேஷ்வா தோற்ற பிறகு புனேயில் கண்டோன்மெண்ட் எழும்பியது. 1825-இல் கல்கத்தா ஆயர் ரெஜினால்ட் ஹீபர் வந்து கண்டோன்மெண்டின் தூய மரியாள் ஆலயத்தை அர்ப்பணம் செய்தார். மறுவருஷம் ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் குளிக்கும்போது இறந்துபோன அதே ஹீபர். அவருடைய ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகத்தோடு சேர்த்து அச்சிடப்படும் 39 மதக் கோட்பாடுகளில் 9-ஆவது ஜென்மப் பாவத்தைப் பற்றியது. அதில் பெலாஜியர்கள் பெயர் சொல்லியே கண்டிக்கப்படுகிறார்கள்: ஆதாமைப் பார்த்து அவன்போல் நடப்பதுதான் பாவம் என்று அவர்கள் சொல்வது வீண்பேச்சு, பாவம் சந்ததிதோறும் சுபாவத்தில் இருப்பது என்று. பிரிட்டனில் பிறந்த மனிதருக்கு எதிரான தீர்ப்பு, பிரிட்டன்காரர்களின் கையாலேயே புனேக்கு வந்து சேர்ந்தது.

அது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அதே ஜெபப் புத்தகத்தின் அடக்க ஆராதனைக்கு ஒரு விதி உண்டு: ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவருக்கும், சபை விலக்கம் பெற்றவருக்கும், தற்கொலை செய்தவருக்கும் இந்த ஆராதனையை நடத்தக்கூடாது. பிறந்து சில மணி நேரத்தில் கண்ணை மூடிய சிப்பாயின் குழந்தை அந்தப் பட்டியலில் முதலாவது. கத்தோலிக்கர் பக்கமும் இளகிய நிலைமை இல்லை. 1546-இல் திரெந்து சங்கம் ஜென்மப் பாவம் பார்த்துப் பழகுவதால் அல்ல, பிறப்பு வழியால் வருகிறது என்று விதித்திருந்தது. 1917-இன் திருச்சபைச் சட்டம் ஞானஸ்நானம் இல்லாதவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. காலராவும் காய்ச்சலும் பச்சைக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. கத்தோலிக்கப் பிரசவ வீட்டில் நெருக்கடி என்றால் மருத்துவச்சியே தலையில் தண்ணீர் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு ஏன் இருந்தது என்று இப்போது புரியும். நடுவில் இறையியலார் கொஞ்சம் இரக்கப்பட்டு, வேதனையுமில்லாத மோட்சமுமில்லாத ‘லிம்போ’ என்ற இடத்தைக் குழந்தைகளுக்கு ஒதுக்கித் தந்தார்கள். 418 கார்த்தேஜ் சங்கத்தின் சில பழைய பிரதிகளில், அப்படி நடுவில் ஓரிடம் உண்டென்று சொல்பவனும் சபிக்கப்பட்டவன் என்று ஒரு விதி இருக்கிறது. இரக்கத்துக்குச் சட்டம் குறுக்கே நின்றது.

கோர்படியிலிருந்து முளா-முட்டா ஆற்றைத் தாண்டி நகர் ரோடுக்குப் போனால் ராம்வாடிப் பக்கம் பாப்பரசர் குருமடம் இருக்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893-இல் கண்டியில் தொடங்கியது. இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளான பிறகு, 1955-இல் புனேக்கு மாறியது. அருகிலேயே ஞான தீப வித்யாபீடமும், மதுரைத் தத்துவ போதகரின் பெயர் தாங்கிய தெ நோபிலி கல்லூரியும். இந்தக் குருமடம் எந்த மண்ணிலிருந்து பெயர்ந்து வந்ததோ அந்த இலங்கையில்தான் பெலாஜிய வழக்கின் கடைசிப் பெரிய விசாரணை நடந்தது. சந்தேகமாக இருக்கிறதா? நம் காலத்து சங்கதி.

திஸ்ஸ பாலசூரியா, 1924-இல் பிறந்த சிங்களர். அமலமரித் தியாகிகள் சபைக் குரு. கொழும்பில் அக்வைனாஸ் பல்கலைக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். 1971-இல் சமூக சமய மையத்தைத் தொடங்கியவர். 1990-இல் ‘மரியாளும் மானுட விடுதலையும்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். மரியாளைப் பற்றிய நூல் என்று பெயர். உள்ளே அடிபட்டது ஜென்மப் பாவம். பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் சூழ வாழ்கிற ஆசியக் கிறிஸ்தவன், மனிதர் எல்லாரும் கடவுளுக்கு அந்நியராகவே பிறக்கிறார்கள், ஞானஸ்நானம் ஒன்றே அதைத் தீர்க்கும் என்று எப்படிச் சொல்வான்? அவனுடைய முன்னோர்கள் எல்லாம் கெட்டுப்போனவர்களா? பெண்ணையும் உடலுறவையும் கீழாகப் பார்த்த ஒரு பார்வை இந்தக் கோட்பாட்டோடு ஒட்டிக்கொண்டு வரவில்லையா? யூலியானின் கேள்விகள், பதினைந்து நூற்றாண்டு கழித்து, கொழும்பு விலாசத்திலிருந்து.

இலங்கை ஆயர்கள் 1994-இல் எச்சரித்தார்கள். ரோமின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அவருக்கென்றே ஒரு விசுவாச அறிக்கையை எழுதி, கையெழுத்திடு என்றது. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கச் சபைக்கு அதிகாரமில்லை என்பதுகூட அதில் இருந்தது. பாலசூரியா மறுத்து, அதற்குப் பதில் திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்திட்டு, ஒரு துணை வாசகத்தையும் சேர்த்து அனுப்பினார். அந்தப் பிரமாணத்தைப் படித்தவர்களுக்கு இது சுவாரஸ்யமான இடம். ஜென்மப் பாவம் பார்த்துப் பழகுவதால் அல்ல, பிறப்பு வழியால் வருகிறது என்ற திரெந்து வாசகம் அதில் அப்படியே இருக்கிறது. அதற்குத்தான் அவர் கையெழுத்திட்டார். ஆனாலும் துணை வாசகம் கையெழுத்தைக் கெடுக்கிறது என்று ரோம் சொல்லி, 1997 ஜனவரி 2 தேதியிட்டு அவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. கையெழுத்திட்டவர் பேராயத் தலைவர் கர்தினால் ஜோசப் ராட்சிங்கர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே அகுஸ்தீனைப் பற்றியதுதான்.

எழுபது வயது தாண்டிய கிழவரை விலக்கியதற்கு உலகெங்கும் எதிர்ப்பு. 1998 ஜனவரி 15 அன்று சமரசம் ஆயிற்று. தம் எழுத்தில் பிழைகள் இருப்பதாக மற்றவர்களுக்குத் தோன்றியதற்கு வருந்துவதாகவும், விசுவாசம் பற்றிய எழுத்துக்களை இனி ஆயர்களின் அனுமதிக்கு அனுப்புவதாகவும் அவர் சொன்னார், விலக்கம் நீங்கியது. 1997-இன் தீர்ப்பு அநியாயமானது என்பது என் கருத்து. அவர் நூலில் அவசரமான பக்கங்கள் உண்டு. சரித்திரத்தை அவர் சுருக்கும் விதம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தியோஸ்போலிஸில் 14 ஆயர்கள் பெலாஜியுஸுக்குக் கொடுத்த நேர்முக விசாரணையை ரோம் அவருக்குக் கொடுக்கவில்லை. 2013 ஜனவரி 17 அன்று குருவாகவே அவர் இறந்தார்.

இடையில் ரோமும் ஓரடி நகர்ந்தது. 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணையம், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளும் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப அழுத்தமான காரணங்கள் உண்டு என்றும், லிம்போ மீட்பைப் பற்றிய மிகக் குறுகிய பார்வை என்றும் ஓர் ஆவணம் வெளியிட்டது. ஜென்மப் பாவத்தைக் கைவிடவில்லை. குழந்தைமேல் இருந்த தண்டனையை மட்டும் கைவிட்டது. அதை வெளியிட ஒப்புதல் தந்தவர் பதினாறாம் பெனடிக்ட், அதாவது அதே ராட்சிங்கர்.

சட்டமும் முன்பே மாறிவிட்டது. 1983-இன் திருச்சபைச் சட்டம், 1183-ஆவது விதி, இரண்டாம் பிரிவு: பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து, அதற்குள் குழந்தை இறந்துவிட்டால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம். இது பல பங்குகளில் பலருக்குத் தெரியாது. அப்படியொரு துக்கம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நேர்ந்தால், பங்குத்தந்தையிடம் இந்த விதியின் எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.